குழு வேலை என்றால் ஒருத்தி எழுத ஐந்து பேர் பார்த்திருப்பதா? விளையாட்டால் இதை மாற்ற ஏலுமா?

உவர்மலை ரீச்சர்
திருகோணமலை நகருக்குள் ஒரு பாடசாலையில் தரம் 8, 9 இற்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். குழுச் செயற்பாடு என்று டிமை தாளும் மார்க்கரும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று இங்கே இருக்கிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்து வடிவான ஒருத்தி எழுதுவாள், கெட்டிக்காரன் ஒருவன் பக்கத்தில் நின்று சொல்லுவான், மற்ற நாலு பேரும் மார்க்கர் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். முடிவில் தாளின் மூலையில் ஆறு பேரின் பெயரும் இருக்கும். "சேர்ந்து செய்யுங்கோ, ஒற்றுமையாய் இருங்கோ" என்று ஆயிரம் தரம் சொல்லியும் இது மாறப் போவதில்லை, ஏனென்றால் அந்த வேலையைச் செய்து முடிக்க உண்மையில் ஆறு பேர் தேவையில்லை. இரண்டு பேர் போதும். மற்ற நாலு பேரும் சும்மா இருப்பது சோம்பலால் அல்ல, அவர்களுக்கு அங்கே வேலையே கிடையாது.

அதனால் எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஆடுகிற, வென்றால் குழு முழுக்க வெல்லுகிற, தோற்றால் முழுக்கத் தோற்கிற விளையாட்டுகளைப் பாடவேளைக்குள் கொண்டு வந்து பார்க்கிறேன். ஒன்றைக் கீழே போடுகிறேன். ஐந்து பேர் கொண்ட குழு. ஆளுக்கு ஒரு துண்டு. துண்டை வாசித்துச் சொல்லலாம், மற்றவனிடம் காட்டவோ கொடுக்கவோ கூடாது, யாரும் பேனை எடுக்கக் கூடாது. கேள்வி: பஸ் நிலையத்தில் இருந்து மூதூர், நிலாவெளி, கந்தளாய், கிண்ணியா ஆகிய நாலு பஸ்களும் எத்தனை மணிக்குப் புறப்படும்?

முதல் துண்டு: காலை 6.00 இல் இருந்து 7.30 வரை அரை மணிக்கு ஒரு பஸ். இரண்டாவது: மூதூர் பஸ் முதல் பஸ் அல்ல. மூன்றாவது: மூதூர் பஸ் போன கையோடு அடுத்தது நிலாவெளி பஸ். நாலாவது: கிண்ணியா பஸ் எடுக்கும்போது மூதூர் பஸ் போய்விட்டிருக்கும். ஐந்தாவது: கந்தளாய் பஸ் போன பிறகுதான் கிண்ணியா பஸ்.

(இது புதிருக்காகப் போட்ட நேரம். இதை நம்பி யாரும் விடியப்புறம் பஸ் நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டாம்.)

வேறு யாராவது இப்படிச் செய்கிறீர்களா? என்ன சரிவருகிறது, என்ன சொதப்புகிறது?

மைதானத்தான்
ரீச்சர், கோபிக்க வேண்டாம். நான் உடற்கல்வி ஆசிரியர். குழுவாக இயங்குவதைப் படிப்பிக்கத் துண்டும் புதிரும் எதற்கு? கிளித்தட்டு இருக்கிறது, எல்லே இருக்கிறது, கயிறிழுத்தல் இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டி வரும் மாதத்தில் வந்து பாருங்கள், வகுப்பில் வாயே திறக்காத பெடியன் தன் இல்லத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துவான். நாங்கள் எல்லாம் மைதானத்தில் பழகினவர்கள்தானே. பிள்ளைகளை வெயிலில் ஓட விடாமல் வாங்கில் இருத்தி வைத்துக்கொண்டு கூட்டு மனப்பாங்கு வரவில்லை என்று குறைப்படுகிறோம். இப்போதெல்லாம் உடற்கல்விப் பாடவேளையையே கணிதம் முடிக்க என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள், அதை யாரும் பேசுவதில்லை.

கிண்ணியா கணிதம்
பாடவேளை வாங்கிய குற்றவாளிகளில் நானும் அடக்கம் சேர், அந்தக் கணக்கை வேறு இழையில் தீர்ப்போம்.

ரீச்சரின் புதிரை இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். விடை: கந்தளாய் 6.00, மூதூர் 6.30, நிலாவெளி 7.00, கிண்ணியா 7.30. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், ஐந்தாவது துண்டு இல்லாமலே விடை வந்துவிடுகிறது. மூதூர் முதல் பஸ் அல்ல, அதற்குப் பின்னால் நிலாவெளியும் வேண்டும் கிண்ணியாவும் வேண்டும், ஆகவே மூதூர் 6.30 தவிர வேறு எங்கும் நிற்க ஏலாது. நிலாவெளி 7.00, கிண்ணியா 7.30, மிஞ்சினது கந்தளாய். ஐந்தாவது துண்டு வைத்திருக்கிற பிள்ளை பேசாமல் இருந்தாலும் குழு வென்றுவிடும். நீங்கள் டிமை தாளில் சொன்ன அதே வருத்தம் இங்கேயும் வந்துவிட்டது. மற்ற நாலு துண்டிலும் எதை எடுத்தாலும் விடை ஒன்றாக நிற்காது, அந்த நாலும் அருமை.

உவர்மலை ரீச்சர்
கணித ஆசிரியரை வைத்திருப்பது இதற்குத்தான். அப்போ ஐந்தாவது துண்டை இப்படி மாற்றினால் என்ன? நேரத்தை 6.00 இல் இருந்து 8.00 வரை நீட்டி, வெருகலுக்கும் ஒரு பஸ் விட்டு, "கடைசி பஸ் வெருகலுக்கு" என்று ஐந்தாம் பிள்ளையிடம் கொடுப்பது. அவள் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு வழியே இல்லை.

கிண்ணியா கணிதம்
போட்டுப் பார்த்தேன், நிற்கிறது. ஐந்தும் தேவை. புதிர் செய்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், செய்து முடித்த பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்துவிட்டுத் தீர்க்கப் பாருங்கள். தீர்ந்துவிட்டால் அந்தத் துண்டு வீண், அதைக் கையில் வைத்திருக்கிற பிள்ளையும் அந்த நாற்பது நிமிடத்துக்கு வீண்.

நிலாவெளிக்காரி
நான் உளவியல் படித்தவள். நீங்கள் பேசுவது நன்றாக ஆராயப்பட்ட விடயம். எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் 1971 இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் செய்தது ரீச்சரின் துண்டு முறைதான். அதுவரை தனித்தனிப் பாடசாலைகளில் படித்த கறுப்பின, வெள்ளையின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருத்தின காலம், வகுப்பறைகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். உன் பக்கத்தில் இருப்பவனுக்கு ஆங்கிலம் திக்கினாலும் அவன் துண்டு உனக்கு வேண்டும், பகிடி பண்ணினால் உனக்குத்தான் நட்டம். ஜிக்சோ வகுப்பறை என்று தேடினால் கிடைக்கும்.

மைதானத்தான் சேருக்கு ஒரு செய்தி. கயிறிழுத்தலைத்தான் உளவியல்காரர் முதலில் பிடித்தார்கள். பிடித்தவர் உளவியல்காரர்கூட இல்லை, மக்ஸ் ரிங்கல்மன் என்கிற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர். ஆட்களைக் கயிறு இழுக்க விட்டு அளந்தார், 1913 இல் வெளியிட்டார். ஒருவன் தனியே இழுக்கிற பலத்தை 100 என்று வைத்தால், இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 93, மூன்று பேர் என்றால் 85, எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 49. பாதிக்கும் கீழே! எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இழுக்காதது ஒரு காரணம், அவர் பெரிதாக எடுத்ததும் அதைத்தான். ஆனால் 1974 இல் வேறு சிலர் கண்ணைக் கட்டி முன்னால் நிற்க வைத்து, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்ப வைத்துச் செய்து பார்த்தார்கள். உண்மையில் பின்னால் நின்றவர்கள் இழுக்கவே இல்லை. அப்படியும் முன்னால் நின்றவரின் இழுவை குறைந்தது. கூட்டத்துக்குள் என் பங்கு தெரியாது என்றால் கை தானாகத் தளரும். டிமை தாளிலும் கயிற்றிலும் நடப்பது ஒன்றுதான்.

மைதானத்தான்
தங்கச்சி சொல்வது புதினமாக இருக்கிறது, ஆனால் கயிறிழுத்தல் பழக்குகிறவனுக்கு இது தெரியாத விடயம் இல்லை. அதற்குத்தான் குரல் கொடுக்க ஒருவன் நிற்பது. அவன் கத்துகிற தாளத்துக்கு எட்டுக் காலும் ஒரே நேரத்தில் மண்ணில் பதிய வேண்டும். கரைவலை இழுக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள், பாட்டு இல்லாமல் வலை வராது. தாளம் பழக்கினால் முதல் காரணம் போய்விடும். இரண்டாவது காரணத்துக்கு என்னிடம் மருந்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் கிளித்தட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். மறிக்கிற பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு குறுக்குக் கோடு, அதை விட்டு அவன் அசைய ஏலாது, கிளி மட்டும்தான் நடுக்கோட்டால் ஓடி வரலாம். ஒரு கோட்டில் நிற்கிறவன் தூங்கினால் அத்தனை பேரின் வேலையும் பாழ். இதைவிட "எல்லோரும் தேவை" என்பதற்கு என்ன உதாரணம் வேண்டும்?

உவர்மலை ரீச்சர்
மறிக்கிற பக்கம் சரி சேர், முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இறங்குகிற பக்கம்? எங்கள் பக்கத்தில் ஒருவன் போய்த் திரும்பி வந்து "பழம்" என்று கத்தினால் முடிந்தது. வேகமாக ஓடுகிறவன் ஓடுவான், உடம்பு கூடின பிள்ளையும் மெதுவாக ஓடுகிற பிள்ளையும் முதல் கோட்டிலேயே அடிபட்டு வெளியே வந்து மரத்தடியில் இருப்பார்கள். யாருக்குப் பயிற்சி தேவையோ அவர்தான் முதலில் வெளியே போகிறார், நன்றாக ஓடுகிறவன் இன்னும் ஓடிப் பழகுகிறான்.

மைதானத்தான்
ம்ம். அதற்குச் சட்டத்தை மாற்றலாம். அடிபட்டவன் வெளியே போகாமல் முதல் தட்டில் இருந்து திரும்பத் தொடங்கட்டும். கடைசி ஆள் திரும்பி வந்தால்தான் பழம் என்று வைத்தால் ஓடத் தெரிந்தவன் திரும்பி வந்து, மறிக்கிறவனுக்குப் போக்குக் காட்டி, மெதுவாக வருகிறவனைக் கடத்தி விடத்தான் வேண்டும். யோசிக்கிறபோதே நல்லாய் இருக்கிறது. தரம் 7 உடன் செய்து பார்த்துவிட்டு வருகிறேன், இப்போது கச்சான் காற்று அடிக்கிற நேரம், காலைப் பாடவேளையில்தான் ஏலும், பத்து மணிக்குப் பிறகு மண் கொதிக்கும்.

மூதூர் அம்மா
நான் ஆசிரியர் இல்லை, ஒரு அம்மா. வாசித்துக்கொண்டே வந்தேன், இரண்டு விடயம் கேட்க வேண்டும். எங்கள் மகள் தரம் 9, இன்னும் இரண்டு வருடத்தில் சாதாரண தரப் பரீட்சை. பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டதும் ரியூசன், இரவு வீட்டுப்பாடம். பாடசாலையில் இருக்கிற நேரத்தில் விளையாட்டு என்றால் பாடத்திட்டத்தை யார் முடிப்பது? சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நிறையப் பெற்றோர் மனதில் இருப்பது இதுதான்.

அடுத்தது, மகள் கொஞ்சம் பேசப் பயப்படுகிற பிள்ளை. சத்தமாகக் கத்துகிற பிள்ளைகளோடு குழுவில் போட்டால் வீட்டுக்கு வந்து அழுகிறாள். துண்டு அவள் கையில் இருந்து அவள் சொல்லாததால் குழு தோற்றால் முழுப் பழியும் அவள் தலையில்தானே விழும்?

கிண்ணியா கணிதம்
அக்கா, இரண்டாவது கேள்விதான் இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி, அதனால் அதை முதலில் எடுக்கிறேன்.

பேசவே தேவையில்லாத ஒன்று இருக்கிறது. 2018 இல் 'தி மைண்ட்' என்ற பெயரில் வந்த அட்டை விளையாட்டு. காசு கொடுத்து வாங்க வேண்டாம், பிரிஸ்டல் போட் ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி 1 இல் இருந்து 100 வரை எழுதினால் போதும். நாலு பேர் வட்டமாக இருக்க வேண்டும். முதல் சுற்றில் ஆளுக்கு ஓர் அட்டை. எல்லோருடைய அட்டையும் சிறிய எண்ணில் இருந்து பெரிய எண்ணுக்கு ஒழுங்காக மேசையில் விழ வேண்டும். முறை வைத்துப் போடுவது கிடையாது, எப்போது போட வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அப்போது போடு. வாய் திறக்கக் கூடாது, விரல் காட்டக் கூடாது, கண்ணடிக்கக் கூடாது. உன்னிடம் 12 இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் போடுவாய், 80 இருந்தால் காத்திருப்பாய். ஆனால் எவ்வளவு நேரம்? அது மற்ற மூவரையும் பார்த்துத்தான் தெரியும். அடுத்த சுற்றில் ஆளுக்கு இரண்டு அட்டை, அதற்கடுத்து மூன்று.

என் வகுப்பில் இதில் முதலில் தடுமாறுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான், அவர்களுக்குப் பொறுக்க ஏலாது. அமைதியான பிள்ளைகள் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கப் பழகினவர்கள், அவர்கள் கை சரியான நேரத்துக்கு நீளும். உங்கள் மகளுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கள்ளமும் உண்டு. மேசைக்குக் கீழே காலால் தட்டி எண்ணிக்கை சொல்லுவார்கள். முதல் நாள் பிடித்து ஏசினேன், பிறகு யோசித்தால் அதுவும் நாலு பேர் இணைந்து போட்ட திட்டம்தானே.

உவர்மலை ரீச்சர்
அக்காவின் முதல் கேள்விக்கு: பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு விளையாடுவதில்லை. பஸ் புதிர் பழகுவதற்கு மட்டும். அடுத்த கிழமை அதே சட்டத்தில் ஐந்து துண்டிலும் மூலகங்கள் பற்றிய தரவு இருக்கும், எந்த மூலகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அலகு முடிந்ததும் மீட்டலுக்கு வைக்கிற பாடவேளையை இதற்கு எடுக்கிறேன், பயிற்சிக் கேள்வி எழுதி வைத்துக் கொப்பியில் பார்த்து எழுத விடுவதைவிட இதில் கூடுதலாக மனதில் நிற்கிறது. அதற்காக எல்லாப் பாடத்தையும் விளையாட்டாக்கு என்றும் சொல்ல மாட்டேன். சமன்பாடு சமப்படுத்துவது போன்றவற்றைத் தனியே இருந்து கை வலிக்கச் செய்துதான் பழக வேண்டும்.

பழி தலையில் விழுகிற விடயம்: தோற்றதும் எழும்பிப் போக விடுவதில்லை. அதே குழு, அதே புதிர் வகை, வேறு துண்டுகள், உடனே இரண்டாம் ஆட்டம். நடுவில் ஐந்து நிமிடம் ஒரேயொரு கேள்வி: "யாருடைய துண்டு மற்றவர்களுக்குக் கடைசியாகக் கேட்டது, ஏன்?" "ஏன் சொல்லவில்லை" என்று கேட்பதில்லை, "ஏன் கேட்கவில்லை" என்றுதான் கேட்பேன். இரண்டாம் ஆட்டத்தில் பெடியன்களே "நீ சொல்லு, நீ சொல்லு" என்று அமைதியான பிள்ளையிடம் திரும்புகிறார்கள். அன்பு வந்துவிட்டது என்று நான் நம்பவில்லை, அவள் துண்டு இல்லாமல் வெல்ல ஏலாது என்று விளங்கிவிட்டது. எனக்கு அது போதும்.

தம்பலகாமத்தான்
எல்லாம் கேட்க நல்லாய் இருக்கிறது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் இந்தச் சொற்களைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சண்டை முடிந்த காலத்தில் இருந்து எத்தனை பயிற்சிப் பட்டறை! தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளை ஒரு மண்டபத்துக்குக் கொண்டு வந்து, தொப்பியும் ரீசேர்ட்டும் கொடுத்து, பலூன் உடைக்கிற விளையாட்டு, மத்தியானம் சோற்றுப் பொதி, பின்னேரம் கைகோத்துப் படம். பஸ்ஸில் ஏறும்போது வந்தபடியே தனித்தனியே ஏறுவார்கள். ஒருமுறை என்னையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள், மூன்று இனமும் கலந்த குழுக்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் மொழிபெயர்க்க ஒருவரும் வரவில்லை, பிள்ளைகள் நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டால் ஒற்றுமை வரும் என்பது ஏற்பாட்டாளர்களின் அறிக்கையில் மட்டும்தான் வரும்.

நிலாவெளிக்காரி
அண்ணா, உங்கள் சந்தேகத்துக்குப் பக்கபலமாக ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1954, அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு கோடைகால முகாம். முசாபர் ஷெரீப் என்ற துருக்கியில் பிறந்த உளவியலாளர் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பெடியன்கள் 22 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். கயிறிழுத்தல், பேஸ்போல் என்று பரிசு வைத்துப் போட்டி நடத்தினார்கள். சில நாட்களில் கொடி எரிப்பு, மற்றக் குழுவின் கொட்டிலுக்குள் புகுந்து சாமான் கலைப்பு, சாப்பாட்டுச் சண்டை. எல்லோரும் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள், இன வேறுபாடோ மத வேறுபாடோ இல்லை. சும்மா பிரித்துப் போட்டி வைத்ததற்கே இந்தக் கதி.

பிறகு சமாதானப்படுத்த இரண்டு குழுவையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார்கள். சரிவரவில்லை. நீங்கள் சொன்ன சோற்றுப் பொதியும் படமும்தான். மாறினது எப்போது என்றால், முகாமுக்குத் தண்ணீர் நின்றபோதும் சாப்பாடு ஏற்ற வேண்டிய லொறி கிளம்ப மறுத்தபோதும். இரண்டும் ஏற்பாட்டாளர்களே செய்து வைத்த சிக்கல்கள், அது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு குழுவால் தனியே லொறியை இழுக்க ஏலாது. எதிரும் புதிருமாக நின்று இழுத்த அதே கயிற்றைக் கொண்டு வந்து லொறியில் கட்டி, இரு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். ஒரு தடவையால் சரியாகவில்லை, இப்படிப் பல வேலைகள் தொடர்ந்து வந்த பிறகுதான் தணிந்தது. ஷெரீப்பின் ஆட்கள் பிள்ளைகளைத் தூண்டிவிட்டார்கள் என்று பின்னாளில் பலத்த விமர்சனம் வந்தது, இன்றைக்குப் பிள்ளைகளிடம் இப்படிச் செய்ய, ஆய்வுகளுக்கு அனுமதி தருகிற எந்த ஒழுக்கக் குழுவும் விடாது. ஆனால் பலூன் உடைப்பும் படப்பிடிப்பும் ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது.

மைதானத்தான்
கயிறு கடைசியில் என் பக்கம் வந்துவிட்டது பாருங்கள்.

தம்பலகாமத்தான்
தங்கச்சி, ஒக்லஹோமாவில் லொறி நின்றால் இழுத்துவிட்டுப் போகலாம். இங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் வீட்டில் வேறு கதை ஓடும். அதை எந்த விளையாட்டும் தொடாது. ஆனாலும் ஒன்றை ஏற்கிறேன், ஒருநாள் கூத்தாக இல்லாமல் அதே பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு தடவையாவது சந்தித்தால் கதை வேறாக இருக்கலாம். அதற்குப் பஸ்காசு யார் தருவது என்பது அடுத்த கேள்வி. கல்வி வலயம் வேறு, மொழி வேறு, விடுமுறை நாளும் சில வேளை வேறு. நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, எங்களுக்குப் பாடசாலை.

கிண்ணியா கணிதம்
மொழிக்கு மட்டும் ஒரு பதில் இருக்கிறது அண்ணா. அட்டை விளையாட்டில் எண்ணைத் தவிர எதுவும் இல்லை, பேசுவதே தடை. மொழிபெயர்ப்பாளர் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும்.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கென்றே செய்தது. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை நாங்கள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் இந்தப் பக்கம் வர வேண்டும், பஸ்ஸும் சைக்கிளும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாக. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அது கதை. வலைப்பந்து மைதானத்தின் அகலத்தை ஆறு என்று வைத்தேன். எட்டுப் பேர், ஆறு சீமெந்துப் பை. பைகளில் மட்டும் கால் வைத்து எட்டுப் பேரும் அக்கரை சேர வேண்டும். நிலத்தில் யார் கால் பட்டாலும் எட்டுப் பேரும் இக்கரைக்குத் திரும்ப வேண்டும். முக்கியமான சட்டம் இது: ஒரு பையில் யாருடைய காலோ கையோ படாமல் ஒரு நொடி இருந்தாலும் ஆறு அதை அடித்துக்கொண்டு போய்விடும், அதாவது நான் எடுத்துவிடுவேன். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் வேகமானவன் நாலு பையை எறிந்து தாண்டி அக்கரையில் நின்று கைகாட்டுவான். சட்டம் இருந்தால் பின்னால் ஒருவன் காலை வைத்துக் காத்திருக்கத்தான் வேண்டும், முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். சங்கிலி மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகருவார்கள். பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் தனித்தனிக் குழுவாகவே விட்டேன், எங்கள் பக்கத்தில் அதுதான் தோது, பெற்றோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

மைதானத்தான்
பை எடுக்கிற சட்டம் நல்ல சட்டம். ஆனால் வெறும் காலோடு விடுங்கள், சப்பாத்தோடு சீமெந்துப் பையில் கால் வைத்தால் வழுக்கும், கை கால் முறிந்தால் அதற்குப் பதில் சொல்வது நீங்கள்தான்.

கிளித்தட்டு செய்து பார்த்தேன், கடைசி ஆள் வந்தால்தான் பழம் என்று. முதல் ஆட்டம் அழுகையும் சண்டையும், "இவனால்தான்" என்று ஒரே கத்தல். ரீச்சர் சொன்ன மாதிரி நடுவில் இருத்திக் கதைக்க வைத்தேன். இரண்டாம் ஆட்டத்தில் இரண்டு பெடியன்கள் தாங்களாகவே நடுத்தட்டில் நின்று கிளியை இழுத்துவிட்டார்கள், மற்றவர்கள் நழுவினார்கள். அதில் ஒருவன் தன் பழத்தை விட்டுக்கொடுத்து அடிபட்டான். பழைய சட்டத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஓடுகிற பெடியன்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை, "சேர், இது சரியில்லை, பழைய மாதிரி விடுங்கோ" என்று பின்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் தன் வேகத்தைக் காட்ட ஓர் இடம் வேண்டும்தானே, அதனால் கிழமைக்குக் கிழமை மாற்றி விடப் போகிறேன்.

நிலாவெளிக்காரி
அருமை சேர். ஒரு எச்சரிக்கையும் போட்டு வைக்கிறேன். எல்லோரும் ஒரே பக்கம் ஆடுகிற விளையாட்டிலும் ஒருவன் தலைவனாகி மற்றவர்களைப் பொம்மையாக்கிவிடலாம். 'பண்டமிக்' என்று 2008 இல் வந்த பலகை விளையாட்டில் எல்லோர் அட்டையும் மேசையில் தெரியலாம் என்பதால், நன்றாகத் தெரிந்தவன் ஒருவன் "நீ அதைச் செய், நீ இங்கே போ" என்று முழு ஆட்டத்தையும் தானே ஆடிவிடுவான், ஆடுகிறவர்களின் பெரிய முறைப்பாடு அதுதான். துண்டைக் காட்டக் கூடாது என்று ரீச்சர் போட்ட தடை, வாய் திறக்கக் கூடாது என்று கணித சேர் போட்ட தடை, இரண்டும் அதைத்தான் மறிக்கின்றன. தடையை இளக்கினால் அடுத்த நிமிடமே பழைய கெட்டிக்காரன் கதிரையில் ஏறிவிடுவான்.

தம்பலகாமத்தான்
இதற்குப் புள்ளி போடுவீர்களா? கணிப்பீட்டுப் படிவத்தில் "குழுவாக இயங்குதல்" என்று ஒரு நிரல் இருக்குமே.

உவர்மலை ரீச்சர்
விளையாட்டுக்குப் புள்ளி போட மாட்டேன். போட்ட அந்த நிமிடமே யார் துண்டு முக்கியம், யார் நன்றாகச் சொன்னார் என்று பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள், பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க மாட்டார்கள். முடிந்த பிறகு அதே பாடத்தில் தனித்தனியே சின்னக் கேள்வித்தாள் ஒன்று கொடுத்து அதற்குப் புள்ளி. குழுவில் ஒளிந்திருந்தவர் அதில் தெரிந்துவிடுவார்.

கிண்ணியா கணிதம்
இதில் நான் உங்களோடு இல்லை ரீச்சர். புள்ளி இல்லாத எதையும் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் மதிப்பதில்லை, அதுதான் நிலைமை. கேள்வித்தாளில் குழுவின் ஐந்து பேரும் முன்னைய தடவையைவிட எவ்வளவு கூட எடுத்தார்கள் என்று பார்த்துக் குழு முழுவதற்கும் கொஞ்சம் மேலதிகப் புள்ளி கொடுக்கிறேன். ஐந்து எடுத்தவன் பத்து எடுத்தால் குழுவுக்கு இலாபம், தொண்ணூறு எடுத்தவன் தொண்ணூறே எடுத்தால் ஒன்றும் இல்லை. அப்போ கெட்டிக்காரன் மற்றவனுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் குழுவுக்கு ஏதும் கிடைக்கும்.

உவர்மலை ரீச்சர்
அதில் ஐந்து எடுத்தவன் மேல் வீட்டில் இல்லாத அழுத்தம் வகுப்பில் விழாதா? நாங்கள் இருவரும் இதில் ஒத்துப்போகப் போவதில்லை போலிருக்கிறது. ஒரு தவணை உங்கள் முறையில் நீங்களும் என் முறையில் நானும் செய்துவிட்டு வந்து கதைப்போம்.

மூதூர் அம்மா
எல்லோருக்கும் நன்றி. பழைய கலண்டர் அட்டையை வெட்டி எண் அட்டை செய்துவிட்டேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், நான், மகள், சின்னவன் தரம் 4. அவனுக்குப் பொறுமை இல்லை, கையில் எண் வந்ததும் போட்டுவிடுகிறான். நூறு வரை வேண்டுமா, குறைக்கலாமா?

கிண்ணியா கணிதம்
மூன்று பேர் என்றால் ஐம்பது வரை வையுங்கள் அக்கா. தொடக்கத்தில் ஆளுக்கு ஓர் அட்டை மட்டும். சின்னவனுக்கு வேண்டுமென்றே பெரிய எண் கொடுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவான். போடுவதற்கு முன் எல்லோரும் ஒரு கையை மேசையில் வைத்து மூச்சு விட்டுவிட்டுத் தொடங்குங்கள், அவசரம் கொஞ்சம் அடங்கும். பிழைத்தால் யாரும் ஏசாமல் அட்டையைக் கலைத்து உடனே அடுத்த ஆட்டம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடுங்கள், கலண்டர் அட்டை பறக்கும்.